அழைக்கக் கூடாதவர்களின் பட்டியல்

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று அம்மா முதலில் எழுதச் சொன்னது யாரையெல்லாம் அழைக்கக் கூடாது என்பதைத்தான். மண்டபம், ஜவுளி, சமையல்காரர் எல்லாம் அதற்கு அப்புறம். தாராவியில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. அம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நோட்ட எடுல" என்றாள். மகளுக்கு நல்ல வரன் அமைந்த சந்தோஷம் முகத்தில் பொங்கியது. அதே சந்தோஷத்தோடு எதிரிகளை ஒவ்வொருவராக ஞாபகப்படுத்தத் தொடங்கினாள்.

அப்பா தன் பழைய விலாச நோட்டை எடுத்துக் கொடுத்தார். பை தைக்கும் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். அந்த மெஷின் சத்தத்துக்குப் பழகியதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டார். "மொதல்ல எல்லார் பேரையும் எழுது. கூப்பிடுததும் கூப்பிடாததும் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். தாராவி, சுனாபட்டி, மான்குர்த், உல்லாஸ்நகர் என்று ஊர் ஊராக, வீடு வீடாக முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இதையெல்லாம் கையால எழுதிக்கிட்டு யாரும்மா இருப்பா? புரோகிராம் எழுதிருதேன்" என்றேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பல வருஷம் ஒரு கூரியர் ஆபீசில் பார்சல்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிந்து ஒரு வகுப்பில் ஜாவா படித்து, செம்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புதிதாக பைக் வாங்கியவன் பக்கத்துக் கடைக்குக்கூட பைக்கில்தான் போவான். என் நிலைமையும் அதுதான். பால் கணக்கிலிருந்து தங்கையின் மாத்திரை நேரம் வரை எதைக் கண்டாலும் அதற்கு ஒரு புரோகிராம் எழுதத் தோன்றும். வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அப்படி என்ன வேலைதான் பாக்க நீ?" என்று அம்மா ஒரு தடவை கேட்டிருந்தாள். வரிசையாகப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், அந்த வரிசைக்கு அர்ரே என்றும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதற்கு லூப் என்றும் பெயர் என்று விளக்கினேன். அவள் "இதுக்கு ஏசி ரூமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த அவமானத்தையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் கல்யாணப் பட்டியலில் இறங்கினேன். ஜாவாவில் எல்லாமே பொருள்தான். ஒரு பொருளுக்கு என்னென்ன குணம் என்பதை முதலில் அச்சுப் போல எழுதி வைக்க வேண்டும். அந்த அச்சுக்கு கிளாஸ் என்று பெயர். நான் 'சொந்தம்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். பெயர், ஊர், போன் நம்பர், உறவுமுறை. கடைசியாக 'பேச்சு' என்று ஒன்று வைத்தேன். பேச்சுவார்த்தை இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய். சொந்தத்துக்குப் பிள்ளையாக 'முறைக்காரர்' என்று இன்னொரு கிளாஸ். அத்தை, மாமன் போல மணவறையில் முறை செய்ய வேண்டியவர்களுக்கு அது. மற்றவர்களுக்கு "குடும்பத்துடன் வந்து வாழ்த்துங்கள்" என்று அழைப்புப் போகும். முறைக்காரருக்கு "தாங்கள் முன்னின்று முறை செய்து நடத்தித் தர வேண்டும்" என்று கூடுதலாக ஒரு வரி சேரும். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் பெரிய மரியாதை வந்தது.

பிறகு அம்மா பக்கத்தில் உட்கார, நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "பேச்சு உண்டா?" என்பேன். "உண்டு" என்பாள். சில பெயர்களுக்கு, "எது? போன பொங்கலுக்கு என்னைய பாத்தும் பாக்காத மாதிரி போனாளே அவளா? போடு, இல்லன்னு போடு" என்பாள். ஒருத்தர் வளைகாப்பில் அம்மாவுக்கு வளையல் கொடுக்க மறந்திருந்தார். இன்னொருத்தர் எப்போதோ சாம்பாரில் உப்பு கூட என்று சொல்லியிருக்கிறார். இப்படிப் பட்டியல் முடியும்போது மொத்தம் பதினேழு பேர் 'பொய்' ஆகியிருந்தார்கள்.

நடுவில் மான்குர்த் வந்தது. முதலில் ஒரு பெயரை வாசித்தேன். அம்மா சட்டென்று "இல்ல" என்றாள். அவர் என் தாய்மாமனின் மச்சினர். அடுத்த பெயர் தாய்மாமனுடையது. பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் அப்பா நோட்டிலும் அடுத்தடுத்த வரி. அம்மா பெயரை முழுதாக வாசிக்கக்கூட விடவில்லை. "இல்ல. இல்ல. அவன் மண்டபத்து வாசல்ல கால வச்சாம்னா நான் மணவறையில நிக்க மாட்டேன். ஆத்தா இல்லாமதான் ஒன் தங்கச்சிக்குத் தாலி ஏறும். சொல்லிட்டேன், ஆமா."

மூலையில் ஏதோ மடித்துக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது. அம்மா வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்தே தங்கை பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். மாமன் வந்தால் அம்மா வெளியே போய்விடுவாள். மாமன் வராவிட்டால், தாய்மாமன் இருந்தும் மாலை போட ஆளில்லாமல் நிற்க வேண்டும்.

சண்டைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருபது வருஷம் முன்பு தங்கைக்குக் காது குத்து. எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தண்டவாள வேலைக்காக ஹார்பர் லைனில் மெகா பிளாக். மான்குர்திலிருந்து ஒரு ரயிலும் இல்லை. மாமன் பஸ்ஸில் தொங்கி, நெரிசலில் மாட்டி, பாதி வழி நடந்து, கையில் சீர்த் தட்டோடு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது தங்கை இரண்டு காதிலும் தோட்டோடு அழுதுகொண்டிருந்தாள். நல்ல நேரம் முடியப் போகிறதே என்று அம்மா அவளை அப்பாவின் அண்ணன் மடியில் வைத்துக் குத்திவிட்டாள்.

"நான் உசுரோட இருக்கும்போது எவன் மடியில வச்சு குத்தின?" என்று மாமன் கேட்டார். "நல்ல நேரம் ஒனக்காகக் காத்துக் கெடக்குமோ?" என்றாள் அம்மா. மாமன் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவருடைய மச்சினர் அவர் பக்கம் சேர்ந்து இரண்டு வார்த்தை பேசினார். அன்றைக்கு முடிந்தது பேச்சு. ரயில்வேக்காரனை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியலுக்கு வருகிறேன். நான் எழுதிய லூப் ரொம்ப எளிது. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ஒவ்வொருவராகப் பார், 'பேச்சு' பொய்யாக இருந்தால் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கு. நான்கு பெயர்களை வைத்துச் சோதித்தேன். சரியாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுப் பட்டியலையும் ஓட்டி, நீக்கியது போக மீதிப் பேருக்கு வாட்சப் அழைப்பு அனுப்ப உட்கார்ந்தேன். நெருங்கியவர்களை அப்பாவும் அம்மாவும் நேரில் போய் அழைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் நினைவூட்ட ஒன்று போகட்டும் என்று எல்லோருக்கும் வைத்தேன். புரோகிராம் ஒவ்வொரு நம்பராகத் திறந்து செய்தியை நிரப்பித் தரும், நான் அனுப்பும் பொத்தானை அமுக்க வேண்டும். "அன்புள்ள மாமா" என்று வந்ததையெல்லாம் அமுக்கினேன். எங்கள் கூட்டத்தில் ஆண்களில் பாதிப் பேர் மாமாதான், யாரைக் கண்டேன்? விரல் நோகும்வரை அமுக்கிவிட்டு, வேலை முடிந்த பெருமையில் பக்கத்துக் கடையில் போய் இரண்டு வடை தின்றேன்.

ஐந்து நாள் கழித்து ஆபீசில் ஒரு வேலை வந்தது. டெலிவரிப் பட்டியலிலிருந்து ரத்தான ஆர்டர்களை நீக்க வேண்டும். கைவசம் இருந்த அதே லூப்பை அப்படியே எடுத்து வைத்தேன். எங்கள் சீனியர் மேடம் மராத்திக்காரர், பேசுவது இந்தியில். திரையைப் பார்த்ததும், "அரே, லூப் சல்தே சல்தே ரிமூவ் கியா?" என்றார். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதேவா நீக்கினாய் என்று. அதிலென்ன தப்பு என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மேஜைமேல் கிடந்த காலி டீக் கப்புகளை ஐந்து எடுத்து வரிசையாக வைத்தார். முதல் கப்பைத் தொட்டார், பரவாயில்லை என்றார். இரண்டாவது கப்பைத் தொட்டார், இது கெட்டது என்று தூக்கிக் குப்பையில் போட்டார். பின்னால் இருந்த மூன்று கப்புகளையும் ஓரிடம் முன்னால் தள்ளினார். மூன்றாவதாக நின்றது இப்போது இரண்டாவது இடத்தில். "இப்போ விரல் அடுத்து எங்கே போகும்?" என்றார். "மூணாவது இடத்துக்கு" என்றேன். "அப்போ இரண்டாவது இடத்துக்கு நகர்ந்து வந்தவனை யார் பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. ஒருத்தனை நீக்கினால் அவனுக்கு நேர் பின்னால் நின்றவன் சோதனையே இல்லாமல் தப்பித்துவிடுவான். கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து நீக்கு, இந்தத் தொல்லை வராது என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குமேல் காதில் விழவில்லை. அடுத்தடுத்து நின்ற இரண்டு 'பொய்'கள் என் பட்டியலில் எங்கே என்று தெரிந்துவிட்டது.

டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் பதினேழு போனால் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. போயிருந்தது இருநூற்றுத் தொண்ணூற்றாறு. மச்சினர் ஒழுங்காக நீங்கியிருந்தார். மாமனுக்கு அழைப்பு போயிருந்தது, அதுவும் முறைக்காரருக்கான வரியோடு, அம்மா அப்பா இருவர் பெயரும் போட்டு. இரண்டு நீல டிக். படித்துவிட்டார். பதில் இல்லை.

வேலை முடிந்ததும் நேராக அப்பாவின் பட்டறைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டு அவர் பதறவே இல்லை. மெஷினை நிறுத்தி, நூலை அறுத்து, "செய்தி போய்ச் சேந்துட்டா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷம் முன்பு மாமனிடம் ஏது மொபைல்? பத்து இலக்க நம்பர் அப்பாவின் நோட்டில் எப்படி வந்தது?

"எப்பா, நீங்க மாமாகிட்ட பேசுதியளா?"

"ரயில்ல பாப்பேன். எப்பவாது போன் பண்ணுவான். ஒங்கம்மைகிட்ட சொல்லிராத."

"தப்பா வந்துட்டுன்னு ஒரு மெசேஜ் போட்டுரட்டுமா?"

"கோட்டிப்பயலே" என்றார். அப்பா கோபமாகப் பேசி நான் கேட்டதே அபூர்வம். "கூப்பிட்டுட்டு வராதன்னு சொல்லுவியோ? இன்னும் இருபது வருஷத்துக்கு நீ வழி பண்ணுத."

தங்கையிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், உடனே அழுதாள். "அம்மா நிக்க மாட்டேன்னுட்டான்னா என்ன செய்ய? சொல்லாமலே இருந்துருவோமாண்ணே?" என்றாள். சொல்லாமல் இருந்து, தாலி கட்டும் நேரத்தில் மாமன் வந்து நின்று, அம்மா எழுந்து போவதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு இப்போதே வாங்கிக் கட்டிக்கொள்வது மேல்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கும் நேரம் பார்த்தா சொல்வது என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுச் சொன்னேன். நினைத்தது போலவே ஆடித் தீர்த்தாள். "ஒன் கம்ப்யூட்டர்ல தீய வைக்க! வேணும்னுதான செஞ்ச? ஒங்கப்பாவும் கூட்டா?" நான் வேண்டுமென்று செய்யவில்லை, பின்னால் நின்றவர் முன்னால் நகர்ந்துவிட்டார் என்று பீன்ஸ் துண்டுகளை வரிசையாக வைத்து விளக்கினேன். நம்பவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் ஏதோ பெரிய ராஜதந்திரம் செய்ததாகத்தான் பேச்சு. என் தொழிலில் நான் செய்த மகா மட்டமான தப்பு அது. அதைப் பாராட்டினால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

கொஞ்சம் அடங்கியதும், "என்ன எழுதி அனுப்பின? படி" என்றாள். படித்தேன். முன்னின்று முறை செய்து நடத்தித் தர வேண்டும் என்ற வரி வந்ததும் நறுக்குவதை நிறுத்தினாள்.

"யாரு கூப்பிடுத மாதிரி இருக்கு?"

"ஒன் பேரும் அப்பா பேரும் போட்டுதான்."

"என் பேரு போட்டா?"

"ஆமா."

"அவன் பாத்தானா?"

"பாத்துட்டாரு. அஞ்சு நாளு ஆச்சு. பதில் போடல."

அம்மாவின் முகம் சிவந்தது. "அஞ்சு நாளா? அக்காக்காரி நானே எறங்கி வந்து கூப்பிட்டிருக்கேன், ஒரு பதில் போட முடியலியோ தொரைக்கு? அவ்வளவு திமிரா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் சிரித்திருந்தால் கத்தி பறந்திருக்கும். அன்றிலிருந்து தினம் இந்தப் பாடுதான். காலையில் பல் தேய்க்கும்போது, "பதில் வந்துட்டா?" சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே, "என்னல, ஏதும் வந்துட்டா?" மணவறையில் நிற்க மாட்டேன் என்ற பேச்சே காணோம். ஒரு நாள் அவள் என் போனை எடுத்து, அந்த இரண்டு நீல டிக்கையும் விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் மாமனின் குரல்.

"மருமவனே, சௌக்கியமா? செய்தி பாத்தேன். பிள்ளைக்குக் கல்யாணம்னு சந்தோசம். ஆனா ஒங்கம்மைகிட்ட ஒண்ணு கேளு. தாய்மாமனுக்கு வாட்சப்புல பத்திரிக அனுப்புத வழக்கம் எந்த ஊர்ல இருக்கு? முன்னின்னு முறை செய்யணுமாம். வெத்தல பாக்கு தட்டோட வாசல்ல வந்து கூப்பிட முடியாதுன்னா, நான் எதுக்கு?"

போச்சுடா என்று நினைத்தேன். பழைய சண்டை தீராமலே புதிதாக இன்னொன்றை என் புரோகிராம் தொடங்கி வைத்துவிட்டது. தங்கை என்னை முறைத்தாள். அப்பா விட்டத்தைப் பார்த்தார். அம்மா, "இன்னொருக்க போடு" என்றாள். போட்டேன். முழுதாகக் கேட்டாள்.

"அவன் கேக்குததுல என்ன தப்பு?" என்றாள். "தாய்மாமன வாட்சப்புலயா கூப்பிடுவாங்க? அறிவு கெட்டவனே, ஒனக்கு யாரு இந்த வேலையெல்லாம் குடுத்தது?"

மறுநாளே கிளம்பினோம். மாட்டுங்காவில் இறங்கி வெற்றிலை, பூ, பழம், மாமனுக்கு வேட்டி, அத்தைக்குச் சேலை எல்லாம் அம்மா பார்த்துப் பார்த்து வாங்கினாள். குர்லாவில் ரயில் மாறி ஹார்பர் லைனில் ஏறும்வரை வாய் ஓயவில்லை. நான் போய் நின்னாலும் அவன் மூஞ்சியத்தான் திருப்புவான், பாத்துக்க. நான் ஒண்ணும் மன்னிப்பு கேக்க மாட்டேன், கூப்பிட்டுட்டு வந்துருவேன். ஒரு வாய் தண்ணிகூட குடிக்க மாட்டேன். செம்பூர் தாண்டியதும் பேச்சு நின்றது. கோவண்டி வந்ததும், "எறங்கி திரும்பிருவோமால?" என்றாள். அப்பா அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மான்குர்த் சந்துக்குள் போனதும் தட்டை எடுத்து அடுக்கி என் கையில் கொடுத்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அம்மா கூப்பிட வாயெடுத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட மறந்திருக்கலாம். அதற்குள் நிழல் தட்டி உள்ளேயிருந்தவரே எழுந்து வந்தார்.

அம்மா மனதில் இருந்தது, வேர்க்க வேர்க்க ஓடி வந்து கத்திவிட்டுப் போன முப்பத்தைந்து வயதுத் தம்பி. வாசலில் வந்து நின்றவருக்கு முன்மண்டையில் முடி இல்லை. மீசை வெள்ளை. கண்ணாடி. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, முழங்கால் வலிக்காரர்கள் பிடிக்கிற மாதிரி. அம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

"ஏல தம்பி" என்றாள். "எப்பல இப்படி கெழவனான?"

மாமன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ பாக்காதப்பதாம்க்கா" என்றார்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். மாமன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா செருப்பைக் கழற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கை வலிக்க வலிக்க நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.